பி.டி. பீரியடில் உடம்பு கற்றுக்கொண்டது

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டு நிற்கிறது. "தினமும் அரை மணி நேரம் வேகமா நடங்க, ராத்திரி சாப்பாட்டைக் கொஞ்சம் குறைங்க" என்கிறார் டாக்டர். நாற்பது வயதுக்காரர்கள் இரண்டு பேர் இதையே கேட்டுக்கொண்டு வெளியே வருகிறார்கள். ஒருவர் மறுநாள் காலையில் பழைய ஷூவைத் தேடி எடுத்துத் தூசி தட்டுகிறார். இன்னொருவருக்குத் தண்டனை கிடைத்த மாதிரி முகம் சுருங்குகிறது. திங்கட்கிழமையிலிருந்து, ஒன்றாம் தேதியிலிருந்து, பொங்கல் கழியட்டும் என்று நாள் தள்ளிக்கொண்டே போகிறது. இருவருக்கும் வருமானம் ஒன்றுதான், வேலை நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

சோம்பல், மன உறுதி போதாது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தச் சோம்பலுக்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது. அதில் கணிசமான பங்கு பள்ளிக்கூட மைதானத்துக்குச் சேரும். சின்ன வயதில் ஆடிய விளையாட்டும், ஆட விடாத விளையாட்டும், பெரியவரான பிறகு நம் உடம்பையும் சாப்பாட்டையும் நாம் பார்க்கும் விதத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை ஒதுக்கி வைப்போம். "ஸ்கூல்ல நான் டிஸ்ட்ரிக்ட் பிளேயர் தெரியுமா, அந்த உடம்பு இன்னும் தாங்கும்" என்று தொப்பையைத் தடவிக்கொண்டே சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தாங்காது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த சுமார் 17,000 ஆண்களை 1960-களிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார் ரால்ஃப் பாஃபன்பார்கர் என்ற மருத்துவ ஆய்வாளர். கல்லூரி அணியில் ஆடியவராக இருந்தாலும், பின்னாளில் உட்கார்ந்தே காலம் தள்ளியவருக்கு அந்தப் பழைய ஆட்டம் மாரடைப்பிலிருந்து பாதுகாப்புத் தரவில்லை. மாணவராக இருந்தபோது மைதானத்துப் பக்கமே போகாதவர், பிறகு சுறுசுறுப்பாக மாறியிருந்தால் அவருக்குப் பலன் கிடைத்தது. அதாவது நுரையீரல் வலுவும் தசை வலுவும் சேமிப்பாக நிற்பதில்லை. ஆட்டத்தை நிறுத்திய சில வாரங்களிலேயே கரையத் தொடங்கிவிடும்.

இதற்கு விலக்கு என்று சொல்லத்தக்கது எலும்பு. உயரம் மளமளவென்று ஏறும் பருவம் ஒன்று உண்டு. பெண் பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டி, பையன்களுக்கு 14 வயதை ஒட்டி. அதை ஒட்டிய இரண்டே ஆண்டுகளில், வளர்ந்த மனிதரின் எலும்பில் இருக்கும் தாதுக்களில் ஏறக்குறைய கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. 1995-ல் பின்லாந்தில் டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடும் பெண்களின் இரு கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் திடமாக இருந்தது, அதில் வியப்பில்லை. பூப்படைவதற்கு முன்போ அந்தச் சமயத்திலோ ஆடத் தொடங்கியவர்களுக்கு இந்த வித்தியாசம், அதற்குப் பின் தொடங்கியவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. குதிப்பதும் ஓடுவதும் திரும்புவதும் எலும்பைத் தட்டி எழுப்புகின்றன; தட்ட வேண்டிய காலம் ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை. நம் ஊரில் அநேகமாக அதே சமயத்தில்தான் பெண் பிள்ளைகளை மைதானத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறோம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சரி, தசையும் மூச்சும் கரைந்துபோனால், சின்ன வயது விளையாட்டு வேறு எதை விட்டுச் செல்கிறது?

பின்லாந்துப் பிள்ளைகள்

1980-ல் அதே பின்லாந்தில் இன்னொரு ஆய்வைத் தொடங்கினார்கள். 3 வயது முதல் 18 வயது வரை 3,596 பேர். இதய நோய்க்கான அடித்தளம் சிறு வயதில் எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்பது நோக்கம். அந்தப் பிள்ளைகள் இன்று பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் இருக்கிறார்கள், ஆய்வு இன்னும் முடியவில்லை. 21 ஆண்டுகள் கழித்து, சிறு வயதில் ஓடியாடியவர்கள் பெரியவர்களாகியும் ஓடியாடுகிறார்களா என்று ரிஸ்டோ தெலமா என்பவரின் குழு கணக்கெடுத்தது. ஆமாம் என்று பதில் வந்தது. ஆனால் தொடர்பு நாம் எதிர்பார்க்கிற அளவுக்கு இறுக்கமாக இல்லை; ஓரளவுக்குத்தான். யாரிடம் அது வலுவாக இருந்தது தெரியுமா? ஒரு கோடை விடுமுறையில் கோச்சிங் போய்விட்டு நிறுத்தியவர்களிடம் இல்லை. விடாமல் சில ஆண்டுகள் தொடர்ந்து ஆடியவர்களிடம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விளையாடுகிற பிள்ளைக்குப் பின்னால் பெரும்பாலும் ஷூ வாங்கித் தரும் அப்பாவும், காலை ஐந்தரைக்கு எழுப்பிவிடும் அம்மாவும், பக்கத்தில் ஒரு மைதானமும் இருக்கும். பிறவியிலேயே துறுதுறுப்பான உடல்வாகு சிலருக்கு உண்டு. ஆகவே பிற்காலத்துச் சுறுசுறுப்பு முழுக்க விளையாட்டால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஆனாலும் ஒன்று தெரிகிறது. எவ்வளவு ஆடினோம் என்பதோடு, ஆடியபோது எப்படி இருந்தது என்பதும் ஒட்டிக்கொள்கிறது. 2018-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், பள்ளி உடற்கல்வி வகுப்பைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் நல்லதும் கெட்டதும் என்னென்ன என்று கேட்டார்கள். வகுப்பை ரசித்தவர்களுக்கு இப்போதும் உடற்பயிற்சி மேல் நல்லெண்ணம் இருந்தது. கசந்தவர்களுக்கு எண்ணமும் கசப்பு, வார விடுமுறையில் உட்கார்ந்தே கழிக்கும் நேரமும் கூடுதல். கெட்ட நினைவுகளில் அடிக்கடி வந்தது அவமானம்: அணி பிரிக்கும்போது கடைசி ஆளாக நின்றது, எல்லோர் முன்னாலும் பந்தைத் தவறவிட்டது, உடை மாற்றும்போது கிண்டலுக்கு ஆளானது.

மூணு ரவுண்டு ஓடு

நம் பள்ளிக்கூடங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். லேட்டாக வந்தால் கிரவுண்டைச் சுற்றி மூன்று ரவுண்டு. ஹோம்வொர்க் செய்யாவிட்டால் தோப்புக்கரணம். பிரேயரில் பேசினால் முட்டி போடு. ஓடுவதும் உட்கார்ந்து எழுவதும் உலகத்திலேயே நல்ல உடற்பயிற்சிகள். அவற்றை நாம் அறிமுகப்படுத்துவதே தண்டனையாகத்தான். பன்னிரண்டு ஆண்டுகள் இப்படிப் பழக்கிவிட்டு, நாற்பது வயதில் டாக்டர் நடக்கச் சொன்னால் முகம் சுருங்காமல் என்ன செய்யும்? அந்த ஆளைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொரு பக்கம், கணக்கு சார் பி.டி. பீரியடைக் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் அந்த பீரியட் கால அட்டவணையில் எழுத்தாக மட்டும் இருக்கும். பிள்ளை இதிலிருந்து என்ன பாடம் எடுத்துக்கொள்ளும்? முக்கியமான வேலை வந்தால் முதலில் வெட்ட வேண்டியது உடம்புக்கான நேரம். ஐ.டி. வேலையில் சேர்ந்து டெட்லைன் நெருங்கும்போது அதே பாடத்தை அப்பழுக்கில்லாமல் ஒப்பிக்கிறார்கள்.

தெருவிளையாட்டு இந்த விஷயத்தில் பள்ளிக்கூடத்தைவிடப் புத்திசாலி. அக்காவோடு ஒட்டிக்கொண்டு வரும் ஐந்து வயதுப் பொடியனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவனைத் தொட்டாலும் அவுட் இல்லை, அவன் தொட்டாலும் கணக்கில்லை. ஆனால் ஆட்டம் முழுக்க அவன் ஓடுவான், கத்துவான், விதிகளைப் பார்த்துப் பழகுவான். அடுத்த வருஷம் சரியான ஆட்டக்காரனாக உள்ளே வருவான். திறமை வரும் வரை விலக்கி வைக்காமல், உள்ளே வைத்தே வளரவிடுகிற ஏற்பாடு இது. பள்ளி மைதானத்தில் அதற்கு இடமே கிடையாது. அணிக்குத் தேர்வான பதினைந்து பேருக்கு விசில், பந்து, பயிற்சி. மற்ற நூற்றுக்கணக்கானவர்களுக்கு மரத்தடி.

நார்வே நாட்டில் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 1987-ல் தொடங்கி, 2007-ல் திருத்திய அந்த விதிகளின்படி, 11 வயதுக்கு முன் பிள்ளைகளின் போட்டிகளில் தரவரிசையோ புள்ளிப் பட்டியலோ போடக்கூடாது. தேசிய சாம்பியன்ஷிப் மாதிரியானவை 13 வயதுக்குப் பிறகுதான். எந்த விளையாட்டு, எவ்வளவு பயிற்சி என்பதில் பிள்ளையின் விருப்பத்துக்கும் இடம் உண்டு. இப்படி விட்டால் பதக்கம் எப்படி வரும் என்று கேட்கத் தோன்றும். ஏறக்குறைய 55 லட்சம் பேர் மட்டுமே இருக்கும் அந்த நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்றது. குளிர்கால ஒலிம்பிக்கில் அதுவரை எந்த நாடும் அவ்வளவு தங்கம் வென்றதில்லை. பனியும் பணமும் அவர்களுக்கு இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகளைப் பத்து வயதிலேயே வடிகட்டாததால் அவர்கள் எதையும் இழக்கவில்லை என்பது தெளிவு.

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் மனிதர் எதையும் நீடித்துச் செய்வதற்கு மூன்று உணர்வுகள் வேண்டும் என்பார்கள். என்னால் இது முடிகிறது, இது நானாகத் தேர்ந்தெடுத்தது, இங்கே எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை மைதானத்தை விட்டுப் போகும்போது இந்த மூன்றும் மனதில் இருந்தால், பிற்காலத்தில் விளையாட்டு மாறலாம், ஊர் மாறலாம், உடம்பை அசைக்கும் பழக்கம் எப்படியாவது திரும்பி வரும்.

சாப்பாட்டுப் பாடம்

சத்துணவைப் பற்றிப் பிள்ளைகள் எங்கே கற்றுக்கொள்கிறார்கள்? அறிவியல் புத்தகத்தில் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்று மூன்று கட்டம் போட்ட படம் இருக்கும். மதிப்பெண்ணுக்கு அது போதும். நிஜமான பாடத்தை வயிறு நடத்துகிறது, அதுவும் விளையாடும்போது.

மாலை ஐந்து மணிக்குக் கபடி ஆடப்போகிற பையனை எடுத்துக்கொள்ளுங்கள். நாலரைக்கு இரண்டு பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் போனால் முதல் ரெய்டிலேயே விலாவில் பிடிக்கும். மதியம் ஒன்றும் சாப்பிடாமல் போனால் இரண்டாம் பாதியில் கால் தளரும், எதிராளியின் கணுக்காலைப் பிடித்த பிடி நழுவும். மூன்றரைக்கு ஒரு வாழைப்பழமும் கைப்பிடி வேர்க்கடலையும் சாப்பிட்டுப் போன நாளில் ஆட்டம் சுகமாக இருக்கும். தண்ணீர் குடிக்க மறந்த நாளில் தலை வலிக்கும். எந்த வகுப்பும் இல்லாமல், எப்போது, எதை, எவ்வளவு என்ற மூன்றையும் அந்தப் பையன் தெரிந்துகொள்கிறான். பசி என்பது வேறு, வாய் கேட்பது வேறு என்பதும் புரிகிறது. இப்படிக் கற்ற பையனுக்குப் பிற்காலத்தில் டயட் சார்ட் பெரிதாகத் தேவைப்படாது. விளையாட்டு தரும் சத்துணவுக் கல்வியில் எனக்கு மிகவும் மதிப்பானதாகத் தோன்றுவது இதுதான்.

அதே மைதானம் நேர்மாறான பாடத்தையும் நடத்தும். சனிக்கிழமை காலை ஏதாவது ஒரு கிரிக்கெட் அகாடமி வாசலில் போய் நில்லுங்கள். எட்டரை மணிக்கு நெட் பிராக்டிஸ் முடியும். முக்கால்வாசி நேரம் பிள்ளைகள் பேட் பிடிக்க வரிசையில்தான் நின்றிருப்பார்கள். வெளியே வந்ததும் பை திறக்கும்: சிப்ஸ் பாக்கெட், கிரீம் பிஸ்கட், நீலக் கலரில் ஒரு ஸ்போர்ட்ஸ் டிரிங்க். இந்த வகைப் பானம் அரை லிட்டர் என்றால் சுமார் 30 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு டீஸ்பூன். மணிக்கணக்கில் வெயிலில் ஓடுகிற ஆட்டக்காரருக்கு அதில் பயன் இருக்கலாம். ஒரு மணி நேரம் ஆடிய பிள்ளைக்குத் தண்ணீரே போதும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-லேயே சொல்லிவிட்டது. காஃபீன் கலந்த எனர்ஜி டிரிங்க் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம் என்றும் சொன்னது. உப்பும் சர்க்கரையும் அவ்வளவு தேவைப்பட்டால் ஒரு டம்ளர் மோரும் ஒரு வாழைப்பழமும் இருக்கவே இருக்கின்றன.

இந்தப் பழக்கம் திடீரென்று வந்ததும் இல்லை. கபில்தேவும் அப்புறம் டெண்டுல்கரும் தொலைக்காட்சியில் தோன்றி, தங்கள் சக்தியின் ரகசியம் பாலில் கலக்கும் ஒரு பவுடர்தான் என்று சொல்லிப் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. விளையாட்டு வீரன் என்றால் டப்பாவில் வருவதைச் சாப்பிடுபவன் என்ற எண்ணம் அப்படித்தான் உள்ளே போனது. இந்த மாதிரி பவுடர்களில் பலவற்றில் சர்க்கரை கணிசம். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணைய விற்பனைத் தளங்களில் இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைக்கக்கூடாது என்று சொன்ன பிறகுதான் பல வீடுகளில் லேபிளைத் திருப்பிப் பார்த்தார்கள்.

உணவைப் பரிசாகத் தருவதும் இதே ரகம். "இன்னைக்கு ஜெயிச்சா பீட்சா." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச் பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார். பரிசாகக் கொடுத்த தின்பண்டத்தின் மேல் குழந்தைகளுக்கு ஆசை கூடியது. இதைச் சாப்பிட்டால்தான் விளையாடலாம் என்று நிபந்தனை போட்ட உணவின் மேல் ஆசை குறைந்தது. "சுண்டலைச் சாப்பிட்டாத்தான் கிரவுண்டு" என்று சொல்லும் அம்மா, நல்லெண்ணத்தோடு சுண்டலுக்கு எதிராகப் பிரசாரம் செய்கிறார்.

எடைக் கருவியின் முன்னால்

உணவைப் பரிசாகப் பார்ப்பதைவிட ஆபத்தானது, அதை எதிரியாகப் பார்ப்பது. கபடி, மல்யுத்தம், குத்துச்சண்டை, ஜூடோ, பளுதூக்குதல் ஆகியவற்றில் எடைப் பிரிவுகள் உண்டு. சப்-ஜூனியர் கபடியில் பையன்கள் 55 கிலோவைத் தாண்டக்கூடாது. ஊர்த் திருவிழாக் கபடியிலும் இத்தனை கிலோவுக்குள் என்று போஸ்டரிலேயே போட்டுவிடுவார்கள். போட்டிக்கு முந்தைய நாள் ஒரு பையன் 56 கிலோ இருந்தால் என்ன நடக்கும்? ராத்திரி சாப்பாடு கிடையாது, தண்ணீரும் கிடையாது. காலையில் இரண்டு டி-சர்ட்டுக்கு மேல் ஜெர்க்கின் போட்டுக்கொண்டு வெயிலில் ஓட்டம். எடை போட்டு முடிந்ததும் நேரே பிரியாணிக் கடை. வளரும் வயதில் ஒரு கிலோ கூடுவது உடம்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அதைக் குற்றமாக நினைக்கப் பழகுகிறான் அந்தப் பையன்.

பெரியவர்களுக்கே இது எவ்வளவு கொடுமை என்று 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் பார்த்தோம். மல்யுத்தத்தில் 50 கிலோ பிரிவில் இறுதிப் போட்டிக்கு வந்த வினேஷ் போகட் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி இழந்தார். இரவெல்லாம் தூங்காமல், சாப்பிடாமல், முடியைக்கூட வெட்டிப் பார்த்தும் அந்த 100 கிராம் போகவில்லை. 1997 கடைசியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் இப்படி எடை குறைக்கும்போது சில வார இடைவெளியில் இறந்துபோனார்கள். அதன் பிறகு அங்கே ரப்பர் உடை போட்டு ஓடுவதற்கும் நீராவி அறைக்கும் தடை வந்தது. நம் ஊர்ப் போட்டிகளில் பதினைந்து வயதுப் பையன் எப்படி எடை குறைத்தான் என்று கேட்பவர் யார்?

ஆட்டத்தை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை. பகலெல்லாம் பட்டினி, ராத்திரி வயிறு முட்ட. ஒரு மாதம் கடும் டயட், மறு மாதம் விட்டதைப் பிடிப்பது. கல்யாணத்துக்கு முன் பத்து கிலோ குறைக்கிறேன் என்று கிளம்பும் முன்னாள் வீரர்கள் பலர் கையாளுவது அதே பதினைந்து வயது உத்தி. பிள்ளை இப்போது இருக்கும் எடை எந்தப் பிரிவில் வருகிறதோ அதிலேயே ஆடவிடுவதுதான் சரி. ஒரு கோப்பைக்காகப் பிரிவைக் கீழே இறக்கச் சொல்லும் பயிற்சியாளரிடம் பெற்றோர் முடியாது என்று சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளைகள்

பெண் பிள்ளைகளுக்கு ஆட்டம் நிற்கும் வயது கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் ஒன்றுதான். வயதுக்கு வந்த பிறகு ஷார்ட்ஸ் போடக் கூடாது, வெயிலில் கறுத்துப் போகக் கூடாது, வெளியூர் மேட்சுக்குப் போகக் கூடாது. மைதானத்தில் கழிப்பறை இருக்காது, இருந்தாலும் தண்ணீர் வராது. மாதவிடாய் நாளில் கறை தெரிந்துவிடுமோ என்ற பயத்திலேயே பாதிப் பேர் மரத்தடிக்குப் போய்விடுகிறார்கள்.

இதோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் வேலை செய்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். இரண்டாவது ரவுண்டிலேயே மூச்சு வாங்கும், கண் இருட்டும். காலைச் சாப்பாடு சாப்பிடாமல் வந்து பிரேயரில் மயங்கி விழும் பெண்ணை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் முடிவு, "எனக்கு ஸ்போர்ட்ஸெல்லாம் வராது." டீச்சரும் அதையே சொல்வார். உண்மையில் அவளுக்கு வராதது விளையாட்டு இல்லை. போதுமான இரும்புச்சத்துதான் வந்து சேரவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டியதை, தன் சுபாவம் என்று நம்பிக்கொண்டு ஐம்பது வயது வரை போகிறவர்கள் எத்தனை பேர்!

இதற்கு வழி எட்டாத உயரத்தில் இல்லை. அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு நாள் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறியாமல் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கினால் போதும். முருங்கைக்கீரையோ பயறோ சாப்பிடும்போது கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய் இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். எலும்புக்கு வேண்டிய கால்சியம் 13 வயதில் நாளுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 கிடைக்கும். பாலும் தயிரும் மிச்சத்தில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும். தமிழ்நாட்டுச் சத்துணவில் வாரம் ஐந்து நாள் முட்டை கிடைக்கிறது. ஒரு முட்டையில் ஆறு கிராம் போல புரதம். புரோட்டீன் பவுடர் டப்பாவுக்கு முன்னால் இதையெல்லாம் முழுதாகச் சாப்பிட்டோமா என்று பார்த்துக்கொள்ளலாம்.

நன்றாக ஆடும் பெண் பிள்ளைகளிடம் வேறொரு சிக்கல் வரும். பயிற்சி கூடும், சாப்பாடு கூடாது. உடம்பு செலவழிக்கும் அளவுக்கு உள்ளே போகாவிட்டால், அவசரமில்லாத வேலைகளை உடம்பு நிறுத்திக்கொள்ளும். முதலில் நிற்பது மாதவிடாய். கடுமையாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான் என்று மைதானங்களில் சாதாரணமாகச் சொல்வார்கள். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்த நிலைக்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்து, இது பையன்களுக்கும் வரும், எலும்பையும் இதயத்தையும் மனநிலையையும் பாதிக்கும் என்று எச்சரித்தது. மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். அதைப் பயிற்சியின் பெருமையாக எண்ணக் கூடாது.

ஆட்டம் நிற்கிறது, தட்டு நிற்பதில்லை

பன்னிரண்டாம் வகுப்பு, அல்லது கல்லூரியின் கடைசி வருஷம். அதுவரை தினமும் இரண்டு மணி நேரம் ஓடிய பையன் திடீரென்று நாற்காலியில் உட்காருகிறான். ஆனால் இரவு ஆறு தோசை ஆறாகவே இருக்கிறது. முன்னாள் வீரர்கள் முப்பது வயதில் சட்டென்று பருத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஓய்வுபெறும் ஆட்டக்காரருக்குச் சால்வை போர்த்துவோம், தட்டைப் பற்றிப் பேச மாட்டோம். ஆட்டம் குறையும்போது முதலில் குறைய வேண்டியது சோறு, இட்லி, சர்க்கரையின் அளவு. காயும் பயறும் முட்டையும் அப்படியே இருக்கலாம். ஆட்டத்தையும் முழுசாக நிறுத்த வேண்டியதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குத் தினம் சராசரியாக 60 நிமிடம் ஓடியாடல் வேண்டும் என்கிறது. பொதுத்தேர்வு ஆண்டில் அது 30 நிமிடமாகக் குறைந்தால் பாதகமில்லை. சுழியம் ஆகக் கூடாது.

பெற்றோருக்கு இன்னும் ஒன்றிரண்டு. பன்னிரண்டு வயது வரை ஒரே விளையாட்டில் பிள்ளையை அடைக்காதீர்கள். நீச்சல், சைக்கிள், பேட்மிண்டன், சிலம்பம் என்று எது கிடைக்கிறதோ அதிலெல்லாம் கையை நனைக்கட்டும். ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னொன்று ஒத்துவரும். மேட்ச் முடிந்து வண்டியில் வீட்டுக்கு வரும்போது தவறவிட்ட கேட்சைப் பற்றி ஆராய்ச்சி வேண்டாம். பசிக்கிறதா என்று கேளுங்கள்.

மரத்தடியில் உட்கார்ந்து பள்ளிக் காலத்தைக் கழித்தவர்களுக்கு இதெல்லாம் காலம் கடந்த செய்தி என்று தோன்றலாம். இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போதிய அளவு உடலை அசைப்பதில்லை என்று 2022-ம் ஆண்டுக்கான கணக்கு சொல்கிறது. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42. ஆகவே துணைக்கு ஆள் நிறைய. பள்ளியில் வெறுத்ததையே மறுபடியும் தொட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஓட்டம் கசந்தவர் ஓடவே வேண்டாம். நீந்தலாம், ஆடலாம், தோட்டம் கொத்தலாம், மகளோடு ஷட்டில் ஆடலாம். தோற்றால் கேட்பதற்கு இப்போது விசில் ஊதும் ஆள் இல்லை. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடம் போதும். பத்து நிமிடத்துக்குக் குறைந்தது கணக்கில் வராது என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. 2020-ல் வெளியான உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டுதலில் அதையும் எடுத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாப் வரை வேகமாக நடக்கும் நாலு நிமிடமும், லிஃப்ட்டை விட்டுப் படியேறும் இரண்டு நிமிடமும் இப்போது கணக்கில் சேரும்.